'முடியாது' எண்டு சொல்லாத வீட்டிலயிருந்து

மகன்,

திங்கட்கிழமை காலமை நீ சிட்னிக்கு வெளிக்கிடேக்க சாப்பாட்டு மேசையில ஒரு கடுதாசியை வைச்சு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில மஞ்சளாய் ஒரு சின்ன அம்புக்குறியும் ஒட்டிப்போட்டுப் போனாய். "அம்மா, இதில கையெழுத்தை மட்டும் போட்டு வையுங்கோ, வியாழக்கிழமை வந்து நான் அனுப்பிவிடுறன்" எண்டாய். நான் "ஓம் மகன்" எண்டனான். நீ என்ர தோளில தட்டிப்போட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போட்டாய். அந்தக் கடுதாசி பிரெஞ்சில இருக்கிறதாலை இந்த வீட்டில என்னையும் உன்னையும் விட வேற ஒருத்தருக்கும் விளங்காது. பாரிசுக்கு வெளியில, மூண்டாம் மாடியில, நீ வளர்ந்த அந்த இரண்டு அறை வீட்டை நான் என்ர விருப்பத்தோட திருப்பிக் குடுக்கிறன் எண்டு அதில எழுதியிருக்கு. அது அரசாங்க வீடு. ஆள் இல்லாமல் பூட்டி வைச்சிருக்க விடமாட்டினம். வந்து இரு, இல்லாட்டி வாற மாச முடிவுக்குள்ள விடு எண்டு கேட்டு எழுதியிருக்கினம். ஒருக்கா விட்டால் என்ர வயசில திரும்பக் கிடைக்காது. நான் கையெழுத்துப் போடேல்லை. வேற ஒண்டு செய்திருக்கிறன், அதைப் பிறகு சொல்லுறன். முதல் நீ இருந்து இதை முழுக்க வாசி. போனிலை தட்டித் தட்டி வாசிக்கிற மாதிரி வாசிக்காதை.

இதை ஏன் எழுதுறன் எண்டு கேட்பாய். வாயால சொன்னால் நீ சிரிச்சுப்போட்டு "ஆல் குட் அம்மா, பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவாய். எனக்கும் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் 'ஓம் மகன்' எண்டுதான் வாயில வரும். மெல்பேர்னுக்கு வெளியில இந்தக் கிரான்பர்ன் வீட்டுக்கு நான் வந்து பதினாறு மாசம். இந்தப் பதினாறு மாசமும் இந்த வீட்டில ஒருத்தரும் ஒருத்தரையும் பார்த்து முடியாது எண்டு சொன்னதை நான் கேட்கேல்லை. அது நல்ல குணம் எண்டுதான் முதல் நினைச்சனான்.

நான் வந்த முதல் கிழமை என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய், ஞாபகம் இருக்கோ? காசு வாங்கிற பிள்ளை பல்லெல்லாம் தெரிய "ஹவ் ஆர் யூ?" எண்டு கேட்டது. எனக்குப் பெரிய சந்தோசம். இருபத்தாறு வருசம் பிரான்சில இருந்தும் கடைக்காரர் ஒருத்தர்கூட என்னை அப்பிடிக் கேட்டதில்லை. அங்க உள்ளுக்க போனவுடன நாங்கள்தான் முதல் 'பொன்ஜூர் மதாம்' எண்டு சொல்லவேணும், சொல்லாட்டிப் பாணும் தரமாட்டினம், மூஞ்சையும் தரமாட்டினம். சுகம் கேட்கிற வேலையெல்லாம் கிடையாது. அதாலை, இந்தப் பிள்ளை கேட்குதே எண்டு நான் முழங்கால் வலியிலயிருந்து, பிளேனில பக்கத்தில இருந்தவர் குறட்டை விட்டது வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில சொல்லத் துவங்கினன். அதின்ர சிரிப்பு அப்பிடியே இருந்தது, கண் மட்டும் எனக்குப் பின்னால நிண்ட ஆக்களைப் பார்த்தது. காரில ஏறினாப் பிறகு நீ மெதுவாய்ச் சொன்னாய்: "அம்மா, இஞ்ச அப்பிடிக் கேட்டால் குட், தாங்க் யூ எண்டு சொல்லிப்போட்டு நகர்ந்திடவேணும். பதில் வேணுமெண்டு அவை கேட்கிறேல்லை." நான் நல்ல மாணவி, மகன். நீ சொன்னதைப் பாடமாக்கிப்போட்டன். அதிலதான் எல்லாம் பிழைச்சது.

பிரான்சில என்ன கேட்டாலும் முதல் பதில் 'நொன்' தான், முடியாது எண்டு. தபால் கந்தோரிலயும் நொன், பள்ளிக்கூடத்திலயும் நொன், விசாக் கந்தோரில சொல்லவே தேவையில்லை. ஆனால் அங்க நொன் எண்டால் கதை முடிஞ்சுது எண்டு அர்த்தம் இல்லை, இனித்தான் துவங்குது எண்டு அர்த்தம். உனக்குப் பத்து வயசில ஒரு நாள் அந்த விசாக் கந்தோருக்கு உன்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனன். கண்ணாடிக்கு அங்கால இருந்த மனுசி, ஏதோ ஒரு கடுதாசி குறையுது, முடியாது எண்டா. நான் உன்ர முதுகில இடிச்சு "ஏன் எண்டு கேள்" எண்டன். நீ கேட்டாய். அவ திரும்பவும் நொன். நான் திரும்பவும் இடிச்சன். முக்கால் மணித்தியாலம் நானும் அவவும் உன்ர வாயால சண்டை பிடிச்சம். கடைசியில அவ கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போய் முத்திரையைக் குத்திக்கொண்டு வந்து, நல்ல வார முடிவாய் இருக்கட்டும் எண்டு வாழ்த்திவிட்டா. நான் வெண்டுபோட்டன் எண்டு துள்ளிக்கொண்டு வந்தன். நீ ரயில் நிலையத்துக் குப்பைத் தொட்டிக்குள்ள சத்தி எடுத்தாய். வெயில் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகும் எத்தினை தரம் உன்னை அப்பிடி நிறுத்திவைச்சிருக்கிறன். ஒவ்வொரு முறையும் முதல்நாள் உனக்கு வயித்துக்குத்து வரும், நான் ஓமத்தண்ணி தந்து கூட்டிக்கொண்டு போவன். பிள்ளையைக் கெட்டிக்காரனாய் ஆக்கிறன் எண்டு நினைச்சுச் சண்டை எண்டாலே பயப்பிடுகிற ஒருத்தனாய் ஆக்கிப்போட்டன். அது என்ர பிழை, மகன். நீ உலகத்தின்ர மற்றக் கரைக்கு வந்து, ஒருத்தரும் குரலை உயர்த்தாத ஊராய்ப் பார்த்து இருந்திட்டாய். உன்னை நான் குறை சொல்லேல்லை.

ஆனால் எனக்கு இந்த ஊரின்ர 'ஓம்' விளங்கேல்லை. வேலி திருத்திற மனுசன் "நோ வொறீஸ், செவ்வாய்க்கிழமை வாறன்" எண்டார். மூண்டு செவ்வாய்க்கிழமை நான் சீப்பால தலை இழுத்துச் சீலை மாத்திக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தன். அங்க எண்டால் முதலே முடியாது எண்டு சொல்லி, கெஞ்ச வைச்சு, சொன்ன நாளுக்கு வந்து, வந்த பிறகும் முறைச்சு முறைச்சு வேலையைச் செய்து முடிச்சிட்டுப் போவான். எனக்கு அந்த முறைச்சல் பழகின முறைச்சல்.

பக்கத்து வீட்டு ஷெரல் விசயத்தை நீயும் மருமகள் நிரோவும் மறந்திருப்பியள். நான் மறக்கேல்லை. வந்த புதிசில வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்கள் ஒருக்கா கட்டாயம் வீட்டை வந்து தேத்தண்ணி குடிக்கவேணும்" எண்டா. முதல் நாளே பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு மாதிரித்தான் இருந்தது. அங்க பாரிசில கீழ் மாடி நாதியாவும் நானும் 'நீங்கள்' எண்டதிலயிருந்து 'நீ' எண்டதுக்கு வர எங்களுக்குப் பதினொரு வருசம் எடுத்தது. எண்டாலும் கட்டாயம் எண்டு சொன்னாவே. பிரான்சில வெள்ளைக்காரர் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்கிறது அருமை. கேட்டால் நாளும் நேரமும் சொல்லிக் கேட்பினம், அது சத்தியம் செய்த மாதிரி. அதாலை இவ நாள் சொல்லுவா எண்டு இரண்டு கிழமை பார்த்தன். சொல்லேல்லை. பேந்து யோசிச்சன், இவ எங்கட மன்னார் ஆக்கள் மாதிரிப் போல, நினைச்ச நேரம் போனால்தான் சந்தோசப்படுவா எண்டு. ஒரு புதன்கிழமை மூண்டு மணிக்கு நல்ல சீலை உடுத்து, கட்லட் பொரிச்சு எடுத்துக்கொண்டு போய் மணியை அடிச்சன். கதவைத் திறந்தா. காதில போன் மாட்டிக்கொண்டு கந்தோர் வேலை செய்துகொண்டு நிண்டிருக்கிறா. "ஓ, லவ்லி!" எண்டா. உள்ளுக்க கூட்டிக்கொண்டு போய் இருத்தினா, தேத்தண்ணி தந்தா, கட்லட்டைக் கடிச்சு அதுக்கும் லவ்லி எண்டா. நான் கதிரையின்ர நுனியில பத்து நிமிசம் இருந்தன். ஒரு தரம்கூட அவ மணிக்கூட்டைப் பார்க்கேல்லை, அவ்வளவு நல்ல மனுசி. பின்னேரம் நிரோவின்ர போனுக்கு அவவிட்டயிருந்து ஏதோ வந்திருக்கு. "மாமி, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுறது. முதலே சொல்லிப்போட்டுப் போகவேணும்" எண்டு அந்தப் பிள்ளை எனக்கு நோகாமல் சொன்னா. அடுத்த நாள் ஷெரல் பூச்செண்டு கொண்டுவந்து தானே மன்னிப்புக் கேட்டா. நான் என்னத்துக்கு மன்னிக்கிறது? எனக்கு இப்ப வசதி இல்லை, நாளைக்கு வாங்கோ எண்டு கதவடியில சொல்லியிருந்தால் நான் அவவை இண்டைக்கும் தேடிப் போயிருப்பன். அதுக்குப் பிறகு அந்த வீட்டு மணியை நான் அடிக்கேல்லை.

உங்கட சிநேகிதர் நல்ல பிள்ளையள். சனிக்கிழமையில வந்து, எங்கட பிரிஜ்ஜைத் தாங்களே திறந்து, குடிக்கிறதை எடுத்துக்கொண்டு, பின் முற்றத்தில நெருப்புக்குப் பக்கத்தில பிளேற்றைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டபடி சாப்பிடுவினம். இருங்கோ எண்டாலும் இருக்கமாட்டினம். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில பத்தொன்பது வருசம் வேலை செய்தவள் நான். மூண்டு வயசுப் பிள்ளையையும் இருத்தி, முதல் மரக்கறி, பேந்து இறைச்சி, பேந்து சீஸ், பேந்து பழம் எண்டு, முடியும்வரைக்கும் எழும்ப விடமாட்டம். அங்க சாப்பாடு எண்டால் கதைக்கிற இடம், கதை எண்டால் சண்டை. ஞாயிற்றுக்கிழமை நாதியா மேல வந்தால் நாலு மணித்தியாலம். ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்யிறது சரியோ பிழையோ எண்டு துவங்கி, நீ மூளையில்லாதவள் எண்டதில முடியும். கதவை அடிச்சுச் சாத்திக்கொண்டு போவாள். திங்கட்கிழமை ஒரு கிண்ணத்தோட வந்து நிற்பாள். அவளுக்கு என்னைப் பிடிக்கும் எண்டு எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. இஞ்ச எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு. அதாலை ஆருக்கு உண்மையாய்ப் பிடிச்சிருக்கு எண்டு தெரியேல்லை.

காலமை எட்டு மணிக்கு நீங்கள் எல்லாரும் போனாப் பிறகு இந்த வீட்டை வந்து பார். நான் கார் ஓடமாட்டன். கடைக்கு நடந்து போறதெண்டால் முக்கால் மணித்தியாலம், பாதித் தூரத்துக்கு நடைபாதையே இல்லை. ஒரு நாள் நடந்து போகேக்க ஒரு மனுசன் காரை நிப்பாட்டி "யூ ரைட்?" எண்டு கேட்டார். வயசான மனுசி ஒருத்தி வழி தவறிப் போட்டாவாக்கும் எண்டு நினைச்சிருக்கிறார். அவருக்கும் குட், தாங்க் யூ எண்டன். அங்க பாண் வாங்க மூண்டு மாடி இறங்கினால் பத்து நிமிசத்தில ஐஞ்சு பேரோட கதைச்சுப்போட்டு வருவன், அதில மூண்டு பேர் மரியாதை இல்லாமல்தான் கதைப்பினம், ஆனால் வீட்டை ஏறி வரேக்க முகம் சூடாய் இருக்கும். இஞ்ச எட்டு மணியிலயிருந்து பேத்தி லியா பள்ளிக்கூடத்தால வரும்வரைக்கும் என்ர குரலை நானே கேட்கிறேல்லை. ஒரு நாள் அந்த மைக்ரோவேவ் கூப்பிட, நான் அதுக்குப் பொன்ஜூர் சொன்னன். சிரிக்காதை. சிரிச்சால் இதோட நிப்பாட்டிப்போட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசி.

டொக்ரர் சுகம் கேட்டார், குட் எண்டன். நித்திரை வருதோ எண்டு கேட்டார், குட் எண்டன். அந்த மாசம் முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை. நிரோ பக்கத்தில இருந்து சந்தோசமாய்த் தலையாட்டினா, அவவின்ர முகத்தைப் பார்த்துப்போட்டு மாத்திச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. பிறகு என்ர பிறந்தநாளுக்கு எல்லாரும் நோபல் பார்க்கில, நிரோவின்ர அம்மா வீட்டில, சுத்தி நிக்க, நீ போனைப் பிடிச்சுக்கொண்டு "அம்மா, உங்களுக்கு இஞ்ச சந்தோசம்தானே?" எண்டு கேட்டாய். "வெரி ஹாப்பி" எண்டு சொல்லிக் கையையும் தூக்கிக் காட்டினன். எல்லாரும் கை தட்டிச்சினம். அடுத்த கிழமையே நீ என்னை இஞ்ச நிரந்தரமாய் வைச்சிருக்கிறதுக்கு விண்ணப்பத்தைத் துவக்கிப்போட்டு, பிரான்சுக்கும் எழுதி அந்தப் படிவத்தை எடுப்பிச்சாய். நீ கேட்டாய், நான் பதில் சொன்னன், நீ நம்பினாய். இதில உன்ர பிழை ஒண்டும் இல்லை. என்ர சொல்லாலதான் நான் பூட்டுப்பட்டுப் போய் இருக்கிறன்.

இன்னொண்டு சொல்லவேணும். எட்டு வருசத்துக்கு முதல், அந்த மூண்டாம் மாடிக் குசினியில வந்து நிண்டு, "அம்மா, மெல்பேர்னில வேலை கிடைச்சிருக்கு, போகட்டோ?" எண்டு கேட்டாய். அப்பா செத்து ஒரு வருசம்கூட ஆகேல்லை. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு, நிமிராமல், "போ மகன், நல்ல விசயம்" எண்டனான். நீ போகேல்லை, கதவைப் பிடிச்சுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிண்டாய். எனக்குத் தெரியும் நீ நிக்கிறாய் எண்டு. எல்லாக் கந்தோரிலயும் சண்டை பிடிச்ச வாய்க்கு, சொந்தப் பிள்ளையிட்டப் போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வரேல்லை. உன்ர வாழ்க்கைக்குக் குறுக்க நிக்கக்கூடாது எண்டு நினைச்சன். போன நத்தார் பண்டிகைக்கு நிரோ சொன்னா, நீ அவவிட்டச் சொன்னியாம்: "அம்மா போகாதை எண்டு ஒருக்காவாவது சொல்லியிருக்கலாம். நான் எப்பிடியும் வந்திருப்பன், ஆனால் சொல்லியிருக்கலாம்." அதைக் கேட்டிட்டு நான் குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டுப்போட்டு அழுதனான். உனக்கு வழிவிட்டன் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், நீ அம்மாவுக்கு நான் தேவையில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாய். போகாதை எண்டுதான் சொல்ல இருந்தனான், மகன். இப்ப சொல்லி என்ன, எண்டாலும் சொல்லுறன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கோ தெரியேல்லை. போன கிழமை லியா சைக்கிளால விழுந்து முழங்கால் கிழிஞ்சு ரத்தம் வழிய, கண்ணில தண்ணி நிக்க, "ஐ'ம் குட், அப்பம்மா" எண்டுது. ஆறு வயசுப் பிள்ளை. நான் மடியில இருத்தி, நோகுதெண்டு சொல்லு, அழு எண்டன். நல்லாய் அழுதுது. அதை அழ விடு. மாட்டன் எண்டு அது சொன்னால் ஏன் எண்டு கேள், இருந்து கேள். நீயும் நிரோவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து "நோ வொறீஸ்" எண்டு சொல்லிப்போட்டு ஆளுக்கொரு அறைக்குப் போறியள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். அவவும் உன்னை மாதிரித்தான், நோகாமல் நடக்கிற பிள்ளை. ஒரு நாள் மேசையில இருந்து வடிவாய்ச் சண்டை பிடியுங்கோ. ஒண்டும் உடையாது.

சரி. இண்டைக்குக் காலமை அந்தக் கடுதாசியில, நீ அம்புக்குறி ஒட்டின இடத்துக்கு மேல, குறுக்கால பெரிய எழுத்தில 'நொன்' எண்டு எழுதினன். வீட்டை நான் விடேல்லை, வாற மாச முடிவுக்குள்ள வந்து இருப்பன் எண்டு இன்னொரு தாளில எழுதி, இரண்டையும் சேர்த்துக் கடிதக்கூட்டுக்குள்ள வைச்சு, அந்த நடைபாதை இல்லாத றோட்டால தபால் கந்தோருக்கு நடந்து போய் அனுப்பிப்போட்டன். தபால்காரப் பிள்ளை ஹவ் ஆர் யூ எண்டு கேட்டது. "பயமாய் இருக்கு" எண்டன். அது முத்திரையைக் கீழ வைச்சுப்போட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

ஆனால் அதுக்கு மேல என்னால ஒரு அடியும் எடுக்க ஏலாது. என்ர பாஸ்போட் பத்திரமாய் இருக்கவேணும் எண்டு உன்ர மேசை லாச்சியில பூட்டி வைச்சிருக்கிறாய். ரிக்கற் எடுக்க எனக்குத் தெரியாது. விமான நிலையத்துக்குப் போக எனக்கு வழி தெரியாது. நீ சொன்னாய், விண்ணப்பம் நடக்கேக்க இடையில வெளிக்கிட்டால் திரும்பி வாறது கரைச்சல் எண்டு. தெரிஞ்சுதான் எழுதுறன். நாளைக்குப் பின்னேரம் நீ வரேக்க நான் இந்த மேசையடியிலதான் இருப்பன். பையைத் தோளிலயிருந்து இறக்கு, எனக்கு முன்னால கதிரையை இழுத்துப்போட்டு இரு. உனக்குக் கோபம் வரும். வரட்டும். இவ்வளவு செய்தும் இப்பிடிச் செய்திட்டியளே எண்டு கேள், கத்து, மேசையில அடி, ஷெரலுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. போகாதேங்கோ எண்டு, நான் உனக்குச் சொல்லாத அந்தச் சொல்லை, நீ எனக்குச் சொல்லு. நான் அழுதுகொண்டு கேட்பன். கேட்டுப்போட்டும், என்னைப் போக விடு எண்டுதான் சொல்லுவன். அப்ப லாச்சியைத் திற, மகன்.

அம்மா